கணையத்தைத் தட்டி எழுப்பும் மாத்திரை

அன்புள்ள நிவேதாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். அம்மாவுக்குச் சுகர் இறங்கி மயக்கம் வந்ததிலிருந்து நீ ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய்: அவள் சாப்பிடும் கிளிமிபிரைடு மாத்திரை கணையத்தைக் கசக்கிப் பிழிந்துவிடுமா, நிறுத்திவிடலாமா என்று. நீயாக நிறுத்தச் சொல்லிவிடாதே. அது என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போகும். மீதிப் பாதி நியாயமான பயம், இருக்கட்டும்.

இந்த மருந்துக் குடும்பமே ஒரு மயக்கத்தில்தான் தொடங்கியது. 1942, போர்க்காலம். பிரான்சில் மோன்பெலியே நகரத்தில் மார்செல் ஜான்பன் என்ற டாக்டர் டைபாய்டு நோயாளிகளுக்குப் புதிய சல்பா மருந்து ஒன்றைக் கொடுத்தார். சிலருக்கு வலிப்பு வந்தது, நினைவு தப்பியது, சிலர் பிழைக்கவில்லை. சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அவர்களை நினைக்காமல் இந்த மாத்திரையைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது. அதே ஊரில் ஒகூஸ்த் லூபத்தியேர் அந்த மருந்தை நாய்க்குக் கொடுத்து, மணிக்கொரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்தது. கணையத்தை எடுத்துவிட்ட நாய்க்கும் அதையே கொடுத்தார். இறங்கவில்லை. ஆக, மருந்து தானாக எதையும் குறைப்பதில்லை. கணையத்தை ஏவி இன்சுலினை வெளிவிட வைக்கிறது. எவ்வளவு தெளிவான சோதனை!

1950-களில் ஜெர்மனியிலிருந்து இதே குடும்பத்துக் கார்பூட்டமைடு, டால்பூட்டமைடு வந்தன. பிறகு வந்த கிளிபென்கிளமைடை, நான் மருந்துக்கடையில் இருந்த காலத்தில் எல்லோரும் ‘டயோனில்’ என்றுதான் கேட்டு வாங்குவார்கள்.

ஏவுவது எப்படி என்பது 1980-களில்தான் புரிந்தது. கணையத்தின் பீட்டா செல் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்கள் இருக்கின்றன. நாம் சாப்பிட்டதும் சர்க்கரை செல்லுக்குள் போய் எரிந்து ஏடிபி கூடும். அது வாசலை மூடும். செல்லின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே பாய்ந்து, சேர்த்து வைத்த இன்சுலின் வெளியே வரும். உன் அம்மாவின் மாத்திரையோ, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதே வாசலை மூடிவிடும். மயக்கம் வந்த அன்று சஷ்டி விரதம். காலையில் வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மத்தியானம் வரை ஒரு டம்ளர் மோரோடு இருந்தாள். வேறு காரணம் தேட வேண்டாம்.

இன்னொரு சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் இப்படி இல்லை. பெரும்பாலும் கல்லீரல் சர்க்கரை விடுவதைத்தான் அடக்கும். அங்கே உங்கள் ஊரில் எல்லோரும் பேசும் செமாகுளூடைடு ஊசியும் இன்சுலினைத் தூண்டும், ஆனால் சர்க்கரை ஏறியிருக்கும்போதுதான். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. விலைதான் இடிக்கிறது.

கணையம் களைத்துப்போகுமா என்று கேட்டாய். பிரிட்டனில் 1977-ல் தொடங்கிய பெரிய ஆய்வில், அம்மாவுடைய மருந்துக் குடும்பத்து மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு முதல் வருஷம் பீட்டா செல்லின் திறன் ஏறியது, பிறகு வருஷா வருஷம் இறங்கியது. மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கும் அப்படித்தான். உணவுக் கட்டுப்பாடு மட்டும் இருந்தவர்களுக்கும் இறங்கவே செய்தது. நோயே அப்படி நகர்கிறது. பழியை மாத்திரைமேல் மட்டும் போட முடியாது.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது விரத நாட்களைச் சொல்லி, அன்று என்ன செய்வது என்று எழுதி வாங்கி வருகிறேன். கிரியாட்டினினும் பார்க்கச் சொல்கிறேன். சிறுநீரகம் தளர்ந்தால் சுகர் இறங்கும் ஆபத்து கூடும். இனி அம்மா நடுக்கம், வியர்வை என்று போனில் சொன்னால், உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல். கால் மணி நேரத்தில் தெளிந்து எழுந்தாலும் விட்டுவிடாதே, சாப்பிட வை. மாத்திரை அன்று முழுக்க வேலை செய்யும், மறுபடி இறங்கலாம். ராத்திரி ஒரு தடவை சுகர் பார்க்கச் சொல்.

அன்புடன்,
சித்தி