கை எடுத்த பிறகு எடுக்கும் படம்

திருநெல்வேலி மாவட்டத்தில் கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடத்தில் இருக்கிறது திருப்புடைமருதூர். நாறும்பூநாதரையும் கோமதி அம்மனையும் கும்பிட வருகிறவர்கள், ஆற்றங்கரை மரங்களில் அடையும் கொக்குகளையும் நாரைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். 2005இல் அரசு இவ்விடத்தைப் பறவைகளுக்கான காப்பகமாக அறிவித்தது. ஆனால் தாங்கள் நுழைந்து வந்த கோபுரத்துக்குள்ளே ஐந்து நிலைகளிலும் ஓவியங்கள் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. விஜயநகர, நாயக்கர் காலத்து ஓவியங்கள். புராணக் கதைகள், போர்க்களம், குதிரைகளை ஏற்றிக்கொண்டு கடலில் வரும் கப்பல் என்று சுவர் முழுக்க விரிகின்றன. இங்குள்ள போர்க்காட்சிகளை 1532இல் நடந்த தாமிரபரணிப் போரோடு பொருத்தி விளக்கியவர் பேராசிரியர் சா. பாலுசாமி. ஒரு வீரன் தலைப்பாகையை எப்படிக் கட்டியிருக்கிறான், குதிரையின் சேணத்தில் என்ன வேலைப்பாடு என்கிற அளவுக்கு நுணுகிப் பார்த்தால்தான் இப்படி ஒரு வாசிப்பு கைகூடும்.

அப்படிப் பார்க்க எல்லோரும் மேலே ஏறிவிட முடியாது, ஏறவும் கூடாது. படிகள் குறுகலானவை. பூச்சு எங்கே கைபட்டால் உதிரும் என்று சொல்ல முடியாது. எனவே இந்த ஓவியங்கள் பெரும்பாலோரைச் சென்றடைவது புகைப்படம் வழியாகத்தான். அந்தப் படங்கள் எப்படி உருவாகின்றன என்று பார்க்க, உரிய அனுமதியோடு ஆவணப் பணி செய்துகொண்டிருந்த ஒரு சிறு குழுவோடு நானும் கோபுரம் ஏறினேன்.

குழுவில் மூன்று பேர். மூத்தவர் ஐம்பதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஃபிலிம் காலத்தில் ஸ்டுடியோ வைத்து, கல்யாண வீடுகளில் படம் எடுத்துத் தொழில் கற்றவர். உதவிக்கு விஸ்காம் படித்த ஓர் இளம்பெண். விளக்குகளையும் பெட்டிகளையும் சுமந்து ஏற்ற உள்ளூர்க்காரர் ஒருவர். கோபுரத்தின் எந்தப் படி ஆடும், எது ஆடாது என்பது அவர் காலுக்குத் தெரியும்.

முதலில் திறப்புகளைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். சூரியன் நகர நகர வெளிச்சத்தின் அளவும் நிறமும் மாறும். துண்டு துண்டாக எடுத்த படங்களை இணைத்து ஒரே சுவராக்கும்போது ஒரு துண்டு மஞ்சளாகவும் அடுத்தது நீலமாகவும் நின்றுவிடும். ஆற்றுக் காற்றையும் அந்தத் துணி ஓரளவு தடுக்கிறது. பிறகு ட்ரைப்பாட். கால்களை அகல விரித்து, நடுத்தண்டை உயர்த்தாமலே கேமராவைப் பொருத்தினார் அண்ணாச்சி. "தண்டைத் தூக்கிட்டா மூணு கால்ல நிக்க வேண்டியது ஒத்தக்கால்ல நிக்க மாதிரி ஆயிரும், பாத்துக்கிடுங்க" என்றார். கேமராவின் தோள்பட்டையைக் கழற்றிப் பையில் வைத்தார்; லேசான காற்றில் பட்டை அசைந்தாலும் கேமரா அசையும். லென்ஸில் இருந்த ஆட்டத் தடுப்பு வசதியையும் அணைத்தார். கையில் பிடித்து எடுக்கும்போது துணை செய்யும் வசதி அது. அசையாத ட்ரைப்பாட்டின் மேல் சில லென்ஸ்களில் அதுவே இல்லாத ஆட்டத்தைத் தேடிப் படத்தைக் கலைத்துவிடும். ரசமட்டம் வைத்துக் கேமராவைச் சுவருக்கு நேர் செய்தார். திரையில் ஒரு குதிரையின் கண்ணைப் பெரிதாக்கிக் கையாலேயே ஃபோகஸ் வைத்தார்.

இத்தனை எச்சரிக்கைக்கும் காரணம் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. படத்தின் அகலத்தில் 6000 பிக்ஸல் தரும் முழுச்சட்டகக் கேமராவில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்திச் சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி நிறுத்தினால், ஒரு படத்தில் சுமார் ஒன்றரை மீட்டர் அகலச் சுவர் அடங்கும். ஒரு பிக்ஸலுக்கு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். ஓவியன் தூரிகை நுனியால் இழுத்த மெல்லிய புருவக்கோடு சில பிக்ஸல்களில்தான் உயிரோடு இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள கேமராவின் ஒரு முனை, தலைமுடியின் தடிமனில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு அசைந்தால்கூடப் போதும். சுவரின் படம் ஒரு பிக்ஸல் நகர்ந்துவிடும். ஐந்து பிக்ஸல் நகர்ந்தால் புருவம் கரைந்துபோகும். வெயிலில் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடும் ஷட்டருக்கு இந்த ஆட்டம் ஒரு பொருட்டல்ல. இங்கே குறைந்த ஐஎஸ்ஓவில், எஃப் 8 திறப்பில், ஷட்டர் பதினைந்து நொடியோ அதற்கு மேலோ திறந்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க நடக்கும் எல்லா அசைவும் படத்தில் சேரும்.

அசைவுகளில் முதன்மையானது படம் எடுக்கிறவரின் விரல். எவ்வளவு மென்மையாக அழுத்தினாலும் பொத்தானோடு கேமராவும் சற்றுக் கீழே போய்த்தான் திரும்பும். அதனால்தான் கேபிள் ரிலீஸ். அண்ணாச்சியின் பையில் ஃபிலிம் காலத்துக் கேபிள் ஒன்று இன்னும் இருக்கிறது. ஷட்டர் பொத்தானில் திருகிப் பொருத்தி, மறுமுனையைக் கட்டைவிரலால் அழுத்தினால், உறைக்குள் ஓடும் கம்பி பொத்தானைத் தள்ளும். இப்போது அவர் பயன்படுத்துவது மின் இணைப்புள்ள ரிலீஸ். அழுத்திய பொத்தானை முன்னால் தள்ளிப் பூட்டிவிடலாம் என்பதே அதன் பெரிய வசதி. பல கேமராக்களில் ஷட்டர் வேகப் பட்டியல் 30 நொடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பல்ப் மோடு. பொத்தான் அழுந்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும். ஒரு நிமிடம் விரலை வைத்து அழுத்திக்கொண்டு நிற்பது ஆகாத காரியம்.

கம்பியில்லா ரிமோட்டும் இருக்கிறது, செல்போன் செயலியும் இருக்கிறது. அகச்சிவப்பு ரிமோட்டின் கதிர் கேமராவின் உணரிக்கு எட்ட வேண்டும். தூண்களுக்கு நடுவே அது எப்போதும் நடக்காது. செல்போன் இணைப்பு நடு வேலையில் அறுந்துபோவதுண்டு. எதுவும் கையில் இல்லாதவர்களுக்குக் கேமராவிலேயே உள்ள டைமர் போதும் என்கிறார் அவர். அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடலாம். 2 நொடியிலோ 10 நொடியிலோ அந்த ஆட்டம் அடங்கியபின் ஷட்டர் திறக்கும். விலை கொடுத்து வாங்காமலே பாதிப் பலன் கிடைத்துவிடும். இந்த வேலைக்கு அவர் ரிலீஸை நம்புவது, திறக்கும் கணமும் மூடும் கணமும் தம் வசம் இருக்க வேண்டும் என்பதால்.

விரலை விலக்கியபின் கேமராவின் சொந்த ஆட்டம் பாக்கி இருக்கிறது. எஸ்எல்ஆர் கேமராவில் படம் எடுக்குமுன் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே எழும்பித் தட்டும். அந்த அதிர்வு சிறிது நேரத்தில் அடங்கிவிடும். நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு முதல் ஒரு நொடி வரையுள்ள வேகங்களில் அது படத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. ஷட்டர் நேரம் 20, 30 நொடி என்று நீளும்போது அதே அதிர்வு மொத்த வெளிச்சத்தில் சிறு பங்காகிவிடுகிறது. அதனால் இருட்டில் நேரத்தைக் குறைக்கப் பார்க்காமல் கூட்டுகிறார் அண்ணாச்சி. கண்ணாடியை முன்கூட்டியே உயர்த்தி நிறுத்தும் மிரர் லாக்கையும் பயன்படுத்துகிறார். அதற்கு மேலும் ஒரு காப்பு உண்டு. உதவிக்கு வந்த பெண் கறுப்பு அட்டை ஒன்றை லென்ஸைத் தொடாமல் அதன் முன்னே பிடிக்கிறாள். ஷட்டர் திறக்கிறது. அதிர்வு அடங்கும் வரை அட்டை அங்கேயே இருக்கும். பிறகு மெல்ல விலகும். அப்போதுதான் சுவரின் ஒளி உள்ளே போகத் தொடங்குகிறது.

அந்த ஒளியைத் தருவதும் ஒரு கைதான். இந்தக் கோபுரத்துக்குள் ஃபிளாஷுக்கு இடமில்லை. நேர் எதிரே வெடிக்கும் வெளிச்சத்தில் சுவரின் மேடுபள்ளம் மறைந்து எல்லாம் தட்டையாகிவிடும். முன்பு பாதுகாப்புக்காகப் பூசிய மேற்பூச்சு இருக்கும் ஓவியங்களில் அது வெள்ளைத் திட்டாக மினுங்கவும் செய்யும். பதிலாகச் சிறிய எல்இடி பலகை ஒன்றை ஏந்திக்கொண்டு அண்ணாச்சி சுவரை நோக்கி நிற்கிறார்; ரிலீஸ் இப்போது அந்தப் பெண்ணின் கையில்.

"அண்ணாச்சி, பூட்டிட்டேன்."

"அட்டையை எடு தாயி. மெள்ள."

விளக்கு இடமிருந்து வலமாக, ஒரே சீராக நகர்கிறது. வரிசையாக நிற்கும் போர்வீரர்கள் ஒவ்வொருவராக இருட்டிலிருந்து எழுந்து மறுபடி இருட்டுக்குள் போகிறார்கள். விளக்கு ஓரிடத்தில் தயங்கினால் அங்கே வெளுத்துவிடும், அவசரப்பட்டால் கறுத்துவிடும். அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடக்கிறார். பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நகர்த்துகிறார். மற்றவர்கள் மூச்சை அடக்கி நிற்கிறோம். எண்ணி முடித்ததும் தலையசைக்கிறார். அட்டை லென்ஸை மறைக்கிறது, அதன் பின் ரிலீஸின் பூட்டு விடுபடுகிறது. திரையில் படத்தைப் பெரிதாக்கிக் குதிரையின் கண்ணிமையைப் பார்த்தபின்தான் அவர் பேசினார். "இருக்கு. அடுத்த கட்டத்துக்குப் போவோம்."

எல்லாப் படமும் இப்படி அமையவில்லை. கீழிருந்து யாரோ படியேறி வந்த ஒருமுறை, உள்ளூர்க்காரர் கையை உயர்த்தினார். உடனே அட்டை லென்ஸை மறைத்தது, அந்தப் படம் கைவிடப்பட்டது. காற்று துணியை உப்பவைத்து வெளிச்சத்தை உள்ளே விட்டபோதும் அப்படியே. கெட்ட படத்தை வைத்துக்கொண்டு கணினியில் சரிசெய்யலாமே என்று கேட்டேன். அந்தப் பெண் சொன்னாள்: "நிறத்தைச் சரி பண்ணலாம், வெளிச்சத்தைச் சரி பண்ணலாம். ஆடுன கோட்டைக் கூர்மை பண்ணினா, அது நாம போட்ட கோடு. வரைஞ்சவர் போட்டது இல்ல." ஆவணப் படத்துக்கும் அழகுப் படத்துக்கும் உள்ள எல்லையை இதைவிடத் தெளிவாக நான் கேட்டதில்லை. ஒவ்வொரு தொகுதியின் தொடக்கத்திலும் நிற அட்டையையும் அளவுகோலையும் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வதும் இந்த நேர்மையின் பகுதிதான்.

இந்த நாட்டுக் கோயில்களில் இப்படிப்பட்ட பொறுமைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், மெழுகிட்ட காகித நெகட்டிவ்களைக் கொண்டு மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்தார். ஷட்டர் என்ற கருவியே வழக்கத்தில் இல்லாத நாள். லென்ஸ் மூடியைக் கையால் கழற்றி, நிமிடக் கணக்கில் காத்திருந்து, திரும்ப மூடுவதுதான் முறை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் 21 நெகட்டிவ்களில் பதிந்து, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக 1858இல் இணைத்தார். இன்று திருப்புடைமருதூரில் லென்ஸின் முன் அசையும் கறுப்பு அட்டை அந்த மூடியின் நேர் வாரிசு. அதே தஞ்சைக் கோயிலின் இருண்ட சுற்றுப்பாதையில் சோழர் ஓவியங்களை எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950களிலிருந்து தென்னிந்தியக் கோயில்களை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களில் சேர்த்து வைத்திருக்கிறது. இடிந்தும் மாறியும் போன பல சிற்பங்களுக்கு அந்தப் படங்கள்தான் இன்று சாட்சி.

சாட்சி என்ற நிலையில்தான் ஆடாத படத்தின் மதிப்பு முழுதாக விளங்குகிறது. பத்தாண்டு கழித்து ஒருவர் இதே சுவரைப் படமெடுத்து ஒப்பிட்டால், எந்த இடத்தில் பூச்சு விட்டிருக்கிறது, எந்த விரிசல் நீண்டிருக்கிறது, எந்த முகம் மங்கியிருக்கிறது என்று சொல்ல முடிய வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விரிசலை அளக்க, ஒரு மில்லிமீட்டர் கோடு கலையாத படம் வேண்டும். இன்றைய படம் ஆடியிருந்தால், நாளைக்கு மங்கியது சுவரா, அன்றைக்கே மங்கலாக எடுக்கப்பட்ட படமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஓவியத்தைப் பழுதுபார்க்கிறவர்கள் எதை நம்பி வேலையைத் தொடங்குவார்கள்?

ஆகவே இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். கோயில் ஓவியங்களுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கு, மராமத்து தொடங்குமுன்பே இப்படிப்பட்ட ஆவணப் படத்துக்குப் போக வேண்டும். மராமத்துக்குப் பிறகு எடுத்த படம், போனது எது என்று சொல்லாது. அடுத்து, இந்தப் படங்களை வெளியிடும் நூல்கள் அவற்றை எடுத்தவர்களின் பெயர்களைத் தவறாமல் அச்சிட வேண்டும். ரிலீஸைப் பிடித்தவர், அட்டையை விலக்கியவர், படியில் நின்று கை உயர்த்தியவர் என்று எல்லாருடைய பெயரையும். அந்தக் குதிரையின் கண்ணிமை தாளில் கூர்மையாகத் தெரிவதற்கு, அவர்கள் அத்தனை பேரும் ஒன்றாக அசையாமல் நின்றார்கள்.