சார், கண்ணாடியில நீங்க தெரியல

போன வாரம் நம் வீட்டுக்கு ஒரு படகு வந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

ஆனந்தகிரியில் என் வீட்டுப் பாதை உங்களில் பலருக்குத் தெரியும். டியூஷனுக்கு மூச்சிரைக்க ஏறி வந்தவர்கள்தானே! ரோட்டிலிருந்து கார் ஷெட்டுக்கு 50 அடி தூரம், 10 அடி ஏற்றம். (கணக்கு வாத்தியார், அளக்காமல் இருப்பேனா?) கண் ஆபரேஷனுக்குப் பிறகு காரை விற்றுவிட்டேன், ஷெட் காலி. தச்சு வேலை செய்யும் பழைய மாணவன் ஒருவன், ரிப்பேருக்கு எடுத்த மரப்படகை நனையாமல் வைக்க இடம் கேட்டான். பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்.

1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார், முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மோட்டார் ரோடு இல்லாத காலம். அது எத்தனை பேர் தோளில் ஏறியதோ! இது ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லரில் வந்தது. மேலே திருப்ப இடமில்லை, ரிவர்ஸில்தான் ஏற்ற வேண்டும்.

ரோடும் ஏற்றமும் சேரும் மடிப்பில்தான் உரசும். டிரெய்லரின் வால் சக்கரத்தைத் தாண்டி நீண்டிருக்கிறது. சக்கரம் ஏறுவதற்கு முன்பே வால் சிமெண்டில் இடித்துவிடும். அவன் அகலப் பலகைகளை மடிப்பில் போட்டான், முதலில் மெல்லியது, அடுத்து தடித்தது. சக்கரம் முன்னதாகவே உயரும், வாலும் கூடவே தூக்கிக்கொள்ளும். ஜீப்பின் கொக்கிக்கும் அதே பலகைதான் காப்பு. டிரெய்லரின் முன்பக்கக் குட்டிச் சக்கரத்தையும் மேலே மடக்கினான். அதை மறந்தால் அதுதான் முதலில் உடையுமாம்.

ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். கையை இடப்பக்கம் நகர்த்தினால் டிரெய்லரின் வாலும் இடப்பக்கம் போகும். மேல்பக்கம் பிடித்தால் எல்லாம் தலைகீழ். நான் சும்மா இருப்பேனா? பின்னால் ஷெட் வாசலில் நின்றுகொண்டு, கண்டக்டர் மாதிரி, "வா, வா, லெஃப்ட்ல ஒடி, வா" என்று கத்திக்கொண்டிருந்தேன். பனி இறங்கி சிமெண்டெல்லாம் ஈரம்.

பாதி ஏற்றத்தில் ஜீப் நின்றது. இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்தான். கூட வந்த பையன் எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை போட்டான். இவன் இறங்கி மேலே வந்து என் கையைப் பிடித்தான்.

"சார், கண்ணாடியில நீங்க தெரியல. தெரியாம நான் ஏத்த மாட்டேன்."

என்னை ஓரமாகக் கூட்டிப்போய், டிரைவர் பக்கக் கண்ணாடியில் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து நிற்கவைத்தான். பிறகு அரை மணி நேரம், அடி அடியாக. ஒரு தடவை கோணியபோது சிரமம் பார்க்காமல் கீழே இறக்கி, நேராக்கி, மறுபடி ஏற்றினான். ஒரு கீறல் இல்லை.

டீ குடிக்கும்போதுதான் சொன்னான். அவன் அப்பா லோடு லாரியில் கிளீனர். அவன் பத்தாவது படிக்கும்போது, இப்படித்தான் பின்னால் நின்று "வா வா" சொல்லிக்கொண்டிருந்தவர் சுவருக்கும் லாரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம். இவன்தான் கூட இருந்தான்.

அந்த இரண்டு மாதம் எனக்கு நினைவிருக்கிறது. திரும்பி வந்தவனை ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்காமல், வகுப்பு முன்னால் பிரம்பால் அடித்தவன் நான்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா."

"நீங்க கேக்கல சார்," என்றான், சாதாரணமாக. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் பலகைகளை எடுக்கப் போனான்.

அவன் அப்பா வில்பட்டியில் இருக்கிறார், ஊன்றுகோலோடு. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அந்த வகுப்பில் படித்தவர்கள் யாராவது ஊரில் இருந்தால், கூட வாருங்கள்.