தலைக்கு விலை

சாதி மீறி மணந்த எங்கள் கொமரலிங்கத்துச் சங்கரை 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். சில நாள் கழித்து டீக்கடையில் ஒருத்தர் என்னிடம் கேட்டார்: "கவர்மெண்ட்டு எவ்வளவுங்க குடுத்துச்சு?"

தோழர்களே, பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் சாலிக் சட்டத்தைப் படித்தபோது அந்தக் கேள்வி திரும்பவும் குத்தியது. 6ஆம் நூற்றாண்டுச் சட்டம். சுதந்திரமான பிராங்கைக் கொன்றால் 200 பொற்காசு; நிலமுள்ள ரோமானியனுக்கு 100. அடிமை செத்தால் காசு ஆண்டைக்கு. பிறப்பைப் பார்த்துத்தான் விலை, நம்மூர் போலவே. ஆனால் அங்கே கொன்றவன் கட்ட வேண்டும். முடியாவிட்டால் அவன் சொந்தபந்தம் கட்ட வேண்டும். இங்கே வன்கொடுமைச் சட்ட நிவாரணம் அரசுப் பணம். கொன்றவன் சாதிக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

டீக்கடையில் அவர் தொகையை மட்டும்தான் கேட்டார். கொன்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.