அப்பாவின் மல்டிமீட்டர்

கெலமங்கலம் வீட்டுப் பரணில் கிடந்தது அப்பாவின் மஞ்சள் மல்டிமீட்டர். ஓசூர் சிப்காட்டில் எலெக்ட்ரீஷியனாக இருந்தபோது எந்நேரமும் அவர் இடுப்பில் தொங்கும். நாங்கள் தொட்டால் அடிதான்!

9 வோல்ட் பேட்டரி கசிந்து, கிளிப் பச்சை பூத்திருந்தது. வேறு கிளிப் பற்றவைத்ததும் உயிர் வந்தது. ஆனால், 8 எல்லாம் 0 மாதிரி தெரிந்தது. 238 வோல்ட் இருந்தால் 230 என்று காட்டும். டிஸ்ப்ளேவுக்கும் போர்டுக்கும் நடுவே மெல்லிய ரப்பர் பட்டை ஒன்று உண்டு. கரண்டைக் கடத்தும் வரி, கடத்தாத வரி என்று மாறி மாறி இருப்பதால் அதற்கு ‘ஜீப்ரா ஸ்ட்ரிப்’ என்று பெயர். அதில் அழுக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். விட்டுப்போன கோடு திரும்பி வந்தது.

கடைசியாகத்தான் ஃபியூஸைப் பார்த்தேன். அதன் மேல் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. ‘ஃபியூஸுக்குப் பதிலா கம்பி போடாதீங்க’ என்று தெருவுக்கே பாடம் எடுத்தவர் அப்பா!

கரண்ட் அளக்கும் துளையில் ஒயரை வைத்தபடி, மறந்துபோய் 230 வோல்ட்டைத் தொட்டால் ஃபியூஸ் எரிந்து நம்மைக் காக்கும். கம்பி காக்காது, மீட்டர் கையிலேயே வெடிக்கலாம்.

“என்னப்பா இது?”

“நைட் ஷிஃப்ட்மா. மெஷின் நின்னுபோச்சு, ஸ்டோர்ல ஃபியூஸ் இல்ல. காலையில மாத்திக்கலாம்னு...”

“எத்தனை வருஷமாச்சு?”

பதில் இல்லை.

மறுநாள் சொல்லாமல் ஓசூர் பஸ் ஏறியவர், மீட்டரில் அச்சிட்டிருந்த அதே அளவில் இரண்டு ஃபியூஸ் வாங்கி வந்தார். ஒன்றை மாட்டினார். இன்னொன்றை மீட்டரின் உறைக்குள் வைத்தார்.