சப்ரகமுவ வழியே – 4: உளுத்த சுள்ளி

போன கிழமை மாணிக்கக் குழிகளைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தக் கிழமை தேடிப்போனது மாணிக்கத்தைவிடச் சின்னது: இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு மஞ்சள் எறும்பு. இரத்தினபுரியிலிருந்து கிலிமலே போகும் பஸ்ஸில், இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வுபெற்ற அக்கா ஒருவரும் உடன் வந்தார். காட்டோர வழிகளெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"எறும்பு பாக்கவா தம்பி இம்புட்டுத் தூரம்? லயத்துக்கு வந்தா சீனிப் போத்தல்லயே காட்டியிருப்பேனே."

சீனிப் போத்தலுக்கு வரும் எறும்புக்கு உலகெங்கும் சொந்தக்காரர்கள் உண்டு. கிலிமலே எறும்புக்கு இல்லை. அனியூரெட்டஸ் சைமோனி என்பது அதன் பெயர்; அதன் துணைக்குடும்பத்தில் இன்று உயிரோடிருக்கும் இனம் அது ஒன்றுதான். அந்தக் குலத்தின் மற்ற உறுப்பினர்கள் பால்டிக் கடலோரத்து அம்பர் பிசினிலும் அமெரிக்காவின் கொலராடோப் பாறைகளிலும் புதைபடிவங்களாகக் கிடக்கிறார்கள். முப்பது நாற்பது மில்லியன் ஆண்டுப் பழசு. எங்கெங்கோ பரவியிருந்த ஒரு வம்சம் கடைசியில் இலங்கையின் மழைக்காட்டில் வந்து ஒதுங்கியிருக்கிறது.

அதை உலகுக்குச் சொன்னவர் இலங்கைக்கு வந்தவரல்ல. 1892இல் பிரெஞ்சுச் சிலந்தி ஆய்வாளர் யூஜீன் சைமன் இலங்கையில் சுற்றிச் சேகரித்துப்போன எறும்புகள், இத்தாலியின் பொலோனியாவில் இருந்த கார்லோ எமெரியின் மேசைக்குப் போயின. உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தவருக்கு, தெரிந்த எந்தப் பேரினத்திலும் அதைச் சேர்க்க முடியவில்லை. 1893இல் புதுப் பேரினமாகவே விவரித்து, சேகரித்தவர் பெயரையும் அதற்குச் சூட்டினார்.

பிறகு அறுபது வருடங்களுக்கு மேல் அதன் வாழ்க்கை யாருக்கும் தெரியாது. 1955இல், இருபத்தாறு வயதைத் தொட்டுக்கொண்டிருந்த அமெரிக்கர் எட்வர்ட் வில்சன் அதற்காகவே இலங்கை வந்தார். கண்டி உடவத்தக்கலைக் காட்டில் தேடினார், கிடைக்கவில்லை. இரத்தினபுரிக்கு வந்த பிறகே கிடைத்தது. கிலிமலேயிலும் கண்டார். 1956இல் அவரும் தொமஸ் ஐஸ்னர் முதலியோரும் சேர்ந்து, எறும்புகளின் பரிணாமத்தில் இது ஒரு முக்கிய இணைப்பு என்று எழுதினார்கள்.

அந்த இணைப்பு எங்கே இருக்கிறது? இதன் நெருங்கிய உறவான இன்னொரு பெரிய எறும்புக் கூட்டம் கொடுக்கை ஏறக்குறைய இழந்துவிட்டு, உடலில் சுரக்கும் இரசாயனத்தை நம்பிப் பிழைக்கிறது. கிலிமலே எறும்போ நல்ல கொடுக்கையும் வைத்திருக்கிறது, சுரப்பியையும் வைத்திருக்கிறது. வயிற்றடிச் சுரப்பியால் தடம் போட்டு மற்றவற்றை இரைக்கு அழைக்கிறது. பின்புறச் சுரப்பியால் ஆபத்தை அறிவிக்கிறது. 1981இல் இதை எழுதியவர்கள் ஜேம்ஸ் டிரானியெல்லோவும் இலங்கையரான அநுலா ஜயசூரியவும். எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த பெயர் அநுலாவுடையது. வில்சன் கண்ட இரத்தினபுரியில் எறும்பு இல்லாமற்போனதையும், கிலிமலேயில் அது இன்னும் இருப்பதையும் தேடிச் சொன்னவர் அவர். 1996இல் உலகச் சிவப்புப் பட்டியல் அதை மிக அருகிவிட்ட இனமாகக் குறித்தது. களனிப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீயானி டயஸ் போன்றோர் பின்னர் சிங்கராஜா உட்பட வேறு காடுகளிலும் அதைக் கண்டிருக்கிறார்கள்.

அதே சிங்கராஜாவிலிருந்துதான் 2013இல் கெரி அல்பேர்ட் இன்னொரு புது எறும்பை விவரித்தார்: டைரனோமிர்மெக்ஸ் லெகாடஸ். அதன் உறவுகள் மலேசியாவிலும், கேரளத்தின் பொன்முடி மலையிலும். எமெரிக்கு நூற்றிருபது வருடம் கழித்தும் இந்தக் காட்டுத் தரையில் பெயரில்லாத எறும்பு மிச்சமிருந்தது.

கிலிமலேயில் இறங்கியதும் மழை. அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு நடந்தோம். தேயிலை மலையில் புல்வெட்டிச் சுத்தம் செய்த மண். இறப்பர் காட்டில் ஒரே சாதி இலைச் சருகு. அதைத் தாண்டிக் காடு தொடங்கியதும் கால் புதைகிற அளவுக்குப் பல சாதிச் சருகும் முறிந்த கொப்பும். எறும்பின் வீடு அந்தக் கொப்புக்குள்தான். ஒரு கூட்டத்தில் பெரும்பாலும் நூறு எறும்புக்குள்ளேதான்.

விறகு பொறுக்குவதால்தான் இது அழிகிறதோ என்ற எண்ணத்தோடு வந்தவன் நான். அக்காவிடம் கேட்டேன். அவர் நின்று, தரையைக் காட்டினார்.

"இந்தச் சுள்ளிய யாரு பொறுக்குவா? உளுத்துப்போனது. அடுப்புல வச்சா பொகதான் வரும். நாங்க எடுக்குறது காஞ்ச கட்டை."

அந்த நிமிடம் என் எண்ணம் மாறியது. அடுப்புக்கு ஆகாத அதே ஈரச் சுள்ளிதான் எறும்புக்கு வீடு. ஆளுக்கொரு கட்டு விறகு அதைத் தொடுவதில்லை. மேலே நிழல் தரும் மரம் போய், சுள்ளி விழுவதும் நின்று, தரை வெயிலில் காய்ந்தால்தான் அதற்கு முடிவு. தோட்டத்துக்காகவும் குழிக்காகவும் காட்டை வெட்டியவர்கள் லயத்துச் சனங்களல்ல, கூலிக்கு வெட்டச் சொன்னவர்கள்.

அக்கா குனிந்து, விரல் தடிமனான ஒரு சுள்ளியைத் தூக்கினார். ஒரு முனையிலிருந்த துளையில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. கைலென்ஸ் வழியே ஒல்லியான உடல் ஒன்று தெரிந்து உள்ளே மறைந்தது. அதுதானா? மஞ்சள் எறும்புகள் இந்தக் காட்டில் வேறும் உண்டு. சுள்ளியை உடைத்தால் தெரிந்திருக்கும். உடைக்க மனம் வரவில்லை.

"வேணாமா தம்பி?"

"வேணாம் அக்கா, வச்சிருங்க."

எந்தப் பக்கம் ஈரமாக இருந்ததோ அந்தப் பக்கம் கீழே வரும்படி சுள்ளியைக் கிடத்தி, மேலே இரண்டு சருகை இழுத்து மூடினார்.