மூக்கும் மூச்சும்

காசிக்கென்று ஒரு வாடை உண்டு. நம் சங்கத்து அன்பர்களுக்கு அதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் கேதார கட்டத்துப் படிகளில் இறங்கினால் சாமந்திப் பூவும் கற்பூரமும் ஈரத் துணியும் கலந்து வரும். சந்துக்குள் திரும்பினால் கச்சோரி பொரியும் மணம். இரண்டடி தள்ளினால் சாணம். அரிச்சந்திர கட்டத்துப் பக்கம் போனால் விறகுப் புகை. இவற்றைப் பற்றியெல்லாம் எழுதினவர்கள் பலர். நான் எழுதப் போவது, எழுதுவாரற்றுக் கிடக்கும் வேறொரு வாடையைப் பற்றி. கவிதையும் கதையும் மணக்கும் மலரில் சாக்கடைக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்க வேண்டாம். நாம் எல்லோரும் நாள்தோறும் காலையில் தவறாமல் காணிக்கை செலுத்தும் இடம் அது. அதன் நலனை ஒருமுறையாவது விசாரிப்பதுதானே மரியாதை?

கேதார கட்டத்துக்குத் தெற்கே அரிச்சந்திர கட்டத்திலும், வடக்கே மானஸரோவர் கட்டத்திலும் உருண்டையான உயர்ந்த கட்டடங்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சென்ற ஆண்டு யாத்திரை வந்த என் அத்தை, "இது எந்த ராஜா கட்டின கோட்டையடா?" என்று கேட்டாள். "ராஜா கட்டினதில்லை, அத்தை. ஊர்ச் சாக்கடையை மேலே ஏற்றி அனுப்புகிற பம்பு நிலையம்" என்றேன். அத்தை உடனே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அந்த நேரத்தில் அங்கே நாற்றமே இல்லை என்பது வேறு விஷயம்.

கழிவுநீர் தானாகப் பள்ளத்தை நோக்கி ஓடும். படித்துறைப் பக்கத்து வீடுகளுக்குப் பள்ளம் என்றால் கங்கைதான். அந்தக் கழிவுநீரை ஆற்றில் விழாமல் தடுத்து, மேட்டிலிருக்கும் பெரிய சாக்கடைக்கு ஏற்றி, சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பினால்தான் கங்கை பிழைக்கும். கங்கைச் செயல் திட்டம் 1986-ம் ஆண்டு ஜூன் 14-ம் தேதி இந்தக் காசியிலேதான் தொடங்கி வைக்கப்பட்டது. படித்துறை ஓரமாக ஐந்து பம்பு நிலையங்கள் எழுந்தன. நம் பல்கலைக்கழகத்தில் நீரியல் பேராசிரியராகவும் சங்கடமோசன ஆலயத்தின் மகந்தாகவும் விளங்கிய வீரபத்ர மிஸ்ரா, 2013-ல் மறையும் வரையில், மின்சாரம் நின்றால் பம்பு நிற்கும், பம்பு நின்றால் சாக்கடை மறுபடியும் கங்கைக்கே போகும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சிவில் எஞ்சினீயரிங் படிக்கும் நான் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். மின்சாரம் நின்றால் காற்று விசிறியும் நின்றுவிடும். பம்பு நின்றால் கங்கைக்குக் கெடுதி. விசிறி நின்றால் மனிதனுக்கு.

பம்பு நிலையத்தின் உயிர் தரைக்கு மேலே தெரியும் கட்டடத்தில் இல்லை. கீழே இருக்கும் ஆழமான கிணற்றில் இருக்கிறது. ஊர்ச் சாக்கடை அதில் வந்து விழும். விழுவதற்கு முன் இரும்புக் கம்பித் தட்டி ஒன்று கந்தலையும் பிளாஸ்டிக் பையையும் மாலைகளையும் தடுத்து நிறுத்தும். நீர் ஒரு மட்டத்துக்கு ஏறினால் பம்பு ஓடும், இறங்கினால் நிற்கும். நீர் ஏறும்போது உள்ளேயுள்ள காற்று வெளியே தள்ளப்படும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஆக, அந்தக் கிணறு நம்மைப் போலவே மூச்சு வாங்கி மூச்சு விடுகிறது. அது விடும் மூச்சைத்தான் நாம் நாற்றம் என்கிறோம்.

அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது? குழாயின் உட்சுவரில் பாசி போன்ற வழுவழுப்பான படலம் ஒன்று படிந்திருக்கும். பிராணவாயு எட்டாத அதன் உட்பகுதியில் வாழும் நுண்ணுயிர்கள், நீரில் கரைந்திருக்கும் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றிவிடுகின்றன. நீர் தேங்கத் தேங்க, வெயில் ஏற ஏற, இந்த வேலை மும்முரமாக நடக்கும். காசியின் மே மாதத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! அப்படி ஊறி வந்த நீர் கிணற்றில் விழுந்து சிதறும்போது, குலுக்கித் திறந்த கோலி சோடாவைப் போல, அடக்கி வைத்த வாயுவை வெளியே விடும். அதுதான் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் என்று பள்ளிக்கூடத்திலே படித்தோமே, அதே சரக்கு. காற்றைவிட ஏறக்குறைய 1.2 மடங்கு கனமானதாகையால் கிணற்றின் அடியிலேயே படுத்துக் கிடக்கும். ஈரமான கூரையைத் தொட்டாலோ, அங்கே வேறு நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக்கிக் கான்கிரீட்டையே தின்னச் செய்துவிடும்.

இந்த வாயுவின் குணம் விசித்திரமானது. 10 லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட வேண்டாம். அதற்குள்ளேயே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் 10 லட்சத்தில் 100 பங்கை எட்டினால் சில நிமிஷங்களுக்குள் மூக்கு மரத்துப் போகும். நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். 500 பங்குக்கு மேல் போனால் சில நிமிஷங்களிலேயே ஆள் நிலைகுலைந்து விழுவான். 1,000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சே போதும். திருடன் வரும்போது குரைத்து, கொலைகாரன் வரும்போது தூங்கிவிடும் நாயைக் காவலுக்கு வைத்ததுபோலத்தான் நம் மூக்கை நம்புவது.

பயிற்சிக்காக ஒரு பம்பு நிலையத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்த நிலையம் என்பதெல்லாம் வேண்டாம். அங்கே முப்பது வருஷம் வேலை பார்த்த முதியவர் ஒருவர் எனக்கு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். புத்தகம் படிக்காதவர். ஆனால் மேலே சொன்ன விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "பாபு, உள்ளே இறங்கினவன் நாறுகிறது என்று திட்டிக்கொண்டிருந்தால் கொஞ்சம் பொறுக்கலாம், நாற்றம் நின்றுவிட்டது என்று எவன் சொல்கிறானோ, அவனை அந்த நிமிஷமே மேலே இழுத்துவிட வேண்டும்." எஞ்சினீயரிங் மாணவன் என்ற முறையில், அந்தப் பொறுமையும் கூடாது என்றுதான் நான் சொல்வேன். மீதேன் வாயுவுக்கு நாற்றமே கிடையாது; பிராணவாயு குறைந்துபோனாலும் மூக்குக்குத் தெரியாது. ஆயினும் கருவி எதுவும் கொடுக்கப்படாத இடத்தில் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் எத்தனை உயிரைக் காத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே சுவரில் பெரிய காற்று விசிறி ஒன்று இருந்தது. ஓடவில்லை. பழுதா என்று கேட்டேன். பழுது இல்லையாம். பக்கத்தில் புதிதாக எழுந்த குடியிருப்பிலிருந்து நாற்றம் என்று மனு மேல் மனு வந்ததாம். மேலிடத்தார் வந்து பார்த்தார்கள். விசிறியை நிறுத்தச் சொன்னார்கள். கிணற்று மூடியையும் ரப்பர் வைத்து இறுக்கச் சொன்னார்கள். மனு வருவது நின்றது. எல்லோருக்கும் திருப்தி. கம்பித் தட்டியில் சிக்கும் குப்பையை வாரி எடுக்க உள்ளே இறங்குகிறவருக்குத் திருப்தியா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். நாற்றத்தை அடக்குவது ஒரு வேலை. காற்றோட்டம் தருவது வேறொரு வேலை. முன்னது வெளியே இருப்பவரின் மூக்குக்காக. பின்னது உள்ளே இருப்பவரின் மூச்சுக்காக. இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள் முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதையும் செய்ததாக எண்ணிக்கொள்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கன மீட்டர் காற்று இருக்கும் கிணறு என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பெரும் ஏரிகளை அடுத்த மாநிலங்கள் கூடி வகுத்த 'பத்து மாநில விதிகள்' என்ற நூலின்படி, இடைவிடாமல் காற்றோட்டம் தருவதானால் மணிக்கு 12 முறை கிணற்றுக் காற்று முழுவதும் மாற வேண்டும். ஆள் இறங்கும்போது மட்டும் விசிறியைப் போடுவதானால் மணிக்கு 30 முறை. காற்றை வெறுமனே உறிஞ்சினால் போதாது. புதுக் காற்றை உள்ளே ஊதவும் வேண்டும். 12 முறை என்றால் மணிக்கு 1,200 கன மீட்டர். அவ்வளவு காற்றையும் நாற்றம் போக்கி வெளியே விடுவதற்குப் பெரிய சாதனம் வேண்டும், பெரிய செலவு. மூடியை இறுக்கி, மணிக்கு இரண்டு முறை மட்டும் மாற்றினால் 200 கன மீட்டரோடு முடிந்தது. ஆறில் ஒரு பங்கு சாதனம் போதும். ஆனால் ஊறுகிற வாயு குறையவில்லை அல்லவா? அது ஆறில் ஒரு பங்கு காற்றில் அடைபட்டு, ஏறக்குறைய ஆறு மடங்கு அடர்த்தியாக உள்ளே நிற்கும். வெளியே சுகந்தம், உள்ளே காலன்!

இரண்டையும் சேர்த்துச் செய்ய வழியில்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. வாயு ஊறாமலே தடுக்கலாம்: சாக்கடையில் இரும்பு உப்பைக் கலந்தால் அது சல்பைடைப் பிடித்துக் கறுப்பு வண்டலாக்கிவிடும். நைட்ரேட் உப்பைச் சேர்த்தால் நுண்ணுயிர்கள் சல்பேட்டை விட்டுவிட்டு அதை நாடும். கிணற்றில் நீர் நெடுநேரம் தேங்காமலும், உயரத்திலிருந்து விழுந்து சிதறாமலும் அமைக்கலாம். உறிஞ்சிய காற்றைக் காஸ்டிக் சோடாவும் ஹைபோகுளோரைட்டும் கலந்த நீரால் கழுவலாம். மட்கிய உரமும் மரத்தூளும் நிரப்பிய படுகை வழியாகச் செலுத்தினால் அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் வாயுவைத் தின்றுவிடும். நம் ஊர்க் கொட்டாங்கச்சியைப் பக்குவமாகச் சுட்டுச் செய்யும் கரியும் இதற்கு உதவும். தேங்காயை உடைத்துப் பிள்ளையாருக்கு. ஓட்டைச் சுட்டுச் சாக்கடைக்கு! சாஸ்திரம் கைவசம் இருக்கிறது. மனம்தான் வேண்டும்.

மனம் எப்போது வருகிறது என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. 1858-ம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதி நாறியது. பார்லிமெண்டின் திரைச்சீலைகளைக் குளோரைடு சுண்ணாம்பில் நனைத்துத் தொங்கவிட்டும் பிரபுக்களால் உட்கார முடியவில்லை. உடனே சட்டம் பிறந்தது. பாசல்ஜெட் என்ற எஞ்சினீயர் பிரம்மாண்டமான சாக்கடைகளையும், 1865-ல் கிராஸ்னெஸ் பம்பு நிலையத்தையும் கட்டி முடித்தார். ஆளுகிறவர் மூக்கில் ஏறினால் காரியம் நடக்கும். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, 1700-ல், ராமஸ்ஸினி என்ற இத்தாலிய வைத்தியர், மலக்குழி சுத்தம் செய்கிறவர்களின் கண்கள் கெடுவதைப் பார்த்து எழுதிவைத்தார். ஏழையின் கண்ணுக்காக எந்தப் பார்லிமெண்டும் அன்று எழுந்திருக்கவில்லை.

நம் நாட்டில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. தகுந்த பாதுகாப்பின்றி ஆளைச் சாக்கடையில் இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2014-ல் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்திருக்கிறது, சாவு நிற்கவில்லை. மயங்கி விழுந்தவரைத் தூக்கப் போன தம்பி, தம்பியைத் தூக்கப் போன நண்பன் என்று ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் மாண்ட செய்தி பத்திரிகையில் வந்துகொண்டுதான் இருக்கிறது. இறங்குகிறவர் எந்தச் சாதியார் என்று நான் எழுத வேண்டியதில்லை. வேறு சாதியார் இறங்குவதை நாம் யாரும் பார்த்ததில்லை என்பதே பதில். 'அவர்களுக்குப் பழகிப்போயிற்று' என்று சொல்லும் அன்பர்கள், அந்த வாயுவுக்குப் பழகிப்போன மூக்கு என்றால் என்ன அர்த்தம் என்பதை மேலே திரும்பிப் போய் மறுபடியும் படிக்கட்டும்.

நம்மில் எஞ்சினீயராகப் போகிறவர்கள் உண்டு. கலெக்டராகப் போகிறவர்களும் இருக்கலாம். படம் வரைகிறவர்கள் நாற்றத்துக்கு ஒரு விசிறியும் மூச்சுக்கு ஒரு விசிறியும் தனித்தனியே வரையுங்கள். மின்சாரம் நின்றால் பின்னது ஓடுவதற்கு ஒரு ஜெனரேட்டரும் வரையுங்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள், வாயுவை அளக்கும் கருவியும், இடுப்பிலே கட்டும் கயிறும், மேலே நின்று கயிற்றைப் பிடிக்கும் ஆளும் இல்லாமல் ஒருவரும் இறங்கலாகாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டும் ஆகாமல் என்னைப் போல் ஒரு தெருவில் குடியிருக்கப் போகிறவர்கள், நாற்றம் தாங்கவில்லை என்று மனு எழுதும் நாள் வந்தால் தாராளமாக எழுதுங்கள். மனுவின் கடைசியில் ஒரு வரி மட்டும் கூடுதலாகச் சேருங்கள்: உள்ளே விசிறி ஓடுகிறதா?