இருபது நாள்

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றையும் எவரும் சொல்லிவிடுவர். நான்காவதாக வள்ளுவர் வைப்பது ‘உழைச்செல்வான்’. உழை என்பதற்குப் பக்கம் என்று பொருள். நோயுற்றவரின் பக்கத்திலிருந்து துணை செய்பவரையும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே அக்குறள் கொள்கிறது. அவர் இல்லையேல் மருத்துவத்தில் கால்பங்கு குறைந்துபோகும். என் தமக்கைக்கு மார்பகப் புற்றுநோய் கண்ட ஆண்டில், அந்த நான்காம் கூறாக நின்றவள் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அவள் மகள்.

அக்காவின் ஊர் கோவில்பட்டிக்கு அருகில் ஒரு சிற்றூர். தையல் அவளது தொழில். மருத்துவம் நடந்ததோ மதுரையில். அறுவை மருத்துவத்திற்குப் பின் 21 நாளுக்கு ஒருமுறை நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். இம்மருந்துகள் புற்றணுக்களை மட்டும் தேடிச் சென்று தாக்குவதில்லை. உடலில் விரைந்து பெருகும் பிற உயிரணுக்களையும் தாக்குகின்றன. முடி உதிர்வதும் வாயில் புண் வருவதும் அதனால்தான். இரத்தத்தின் வெள்ளணுக்களும் குறைகின்றன. பெரும்பாலும் மருந்தேற்றிய 7 முதல் 14 நாளுக்குள் அவை மிகவும் தாழ்ந்துவிடும். அப்போது உடல் வெப்பம் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணிக் கடையில் மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். உள்ளே தொற்று வளர்ந்துகொண்டிருக்கும். உடனே மருத்துவமனையை அடைய வேண்டும். ஆனால் நோயாளி அந்நாள்களில் இருப்பது வீட்டில். 21 நாளில் ஒரு நாள் மருத்துவமனை, 20 நாள் வீடு. புற்றுநோய் மருத்துவத்தின் பெரும்பகுதி மருத்துவர் கண்ணில் படாமலேயே நடக்கிறது.

அந்த இருபது நாளுக்காக மருத்துவமனையில் ஒரு செயலியைத் திறன்பேசியில் ஏற்றித் தந்தார்கள். மாலை ஏழு மணிக்கு அது மணியொலித்துக் கேள்வி கேட்கும். வெப்பம் எவ்வளவு? உணவு இறங்கியதா? வாந்தி எத்தனை முறை? வாயில் புண் உண்டா? விரல் நுனிகளில் உணர்வு எப்படி? விடைகளுக்கேற்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும். மஞ்சள் வந்தால் மறுநாள் ஒரு செவிலியர் பேசுவார். சிவப்பு வந்தால் நாமே உடனே அழைக்க வேண்டிய எண் திரையில் தோன்றும். ஒருமுறை சிவந்தது, அன்றிரவே வாடகைக் காரில் மதுரைக்குச் சென்றோம்.

கேள்விகள் தமிழில்தான் இருந்தன. ஆயினும் அது அக்காவின் தமிழன்று. ‘உங்கள் வலியை 0 முதல் 10 வரை மதிப்பிடுக’ என்று வாசித்ததும் அவள் மகளைப் பார்த்து, “வலிக்கு என்னடி மார்க்கு?” என்றாள். எண்ணால் சொல்லத் தெரியாதவளுக்குச் சொல்லால் சொல்லத் தெரிந்திருந்தது. மூட்டில் குடைச்சல், முதுகில் கடுப்பு, காலில் உளைச்சல், மருந்தேறிய நரம்பில் எரிச்சல், விரலில் மதமதப்பு. ஒவ்வொன்றும் வேறு வலி. மருத்துவருக்கு ஒவ்வொன்றும் வேறு செய்தி. செயலியின் அடியில் ‘பிற குறிப்புகள்’ என்றொரு சிறு கட்டம் உண்டு. பலர் அதைத் தொடுவதே இல்லையாம். மகள் அதில்தான் தாயின் சொற்களை அப்படியே தட்டச்சு செய்தாள். செயலி உருவாக்குவோர் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதற்கு முன் ஒரு வாரம் நம் ஊர்த் திண்ணைகளில் வந்து அமர வேண்டும் என்பது என் கருத்து.

நான்காம் முறை மருந்தேற்றிய பின் அக்கா ஒரு நாள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து நெடுநேரம் ஒன்றும் செய்யாதிருந்தாள். “கையில ஊசி நிக்க மாட்டேங்குது” என்றாள். மகள் அதையே எழுதி அனுப்பினாள். மறுநாள் செவிலியர் அழைத்து, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, செருப்பு கழல்வது தெரிகிறதா என்று துருவிக் கேட்டார். பாக்ளிடாக்செல் என்னும் மருந்து விரல்களின் நரம்புகளைத் தாக்கி உணர்வை மங்கச் செய்வதுண்டு. அடுத்த முறை மருத்துவர் அதன் அளவைக் குறைத்தார். மரத்துப்போன உணர்வு முழுதும் மீளவில்லை; ஆனால் மேலும் பரவாமல் நின்றது. இத்தனைக்கும், அதற்கு முன் மருத்துவர் நேரில் கேட்டபோதெல்லாம், “நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்” என்பதே அவள் விடை. குறை சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சம். எதிரே நீண்ட வரிசை காத்திருக்கிறதே என்ற கூச்சம் வேறு.

இது என் அக்காவின் இயல்பு மட்டுமன்று. நியூயார்க்கிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஈத்தன் பாஷ் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் நடத்திய ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. உடலின் பிற பகுதிகளுக்கும் பரவிய புற்றுநோயுடைய 766 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் வழக்கமான மருத்துவம் பெற்றனர். மற்றொரு பிரிவினர் அதனுடன், 12 அறிகுறிகளை இணையவழியே தாமே பதிவு செய்துவந்தனர். நிலை மோசமானால் செவிலியருக்குச் செய்தி சென்றது. பதிவு செய்தோரின் இடைநிலை வாழ்நாள் சுமார் 31 மாதம். மற்றவர்க்கு 26 மாதம். புதிய மருந்து எதுவுமின்றி ஐந்து மாதம் கூடுதல்! பரவிய புற்றுநோயில் ஐந்து மாதம் என்பது ஒரு பேரப்பிள்ளையின் பிறப்பைக் காணப் போதுமான காலம்.

அந்த ஆய்வில் என்னை ஈர்த்தது கருவியன்று, செய்தியைப் பெற்றுப் படித்த செவிலியர்தாம். மறுமுனையில் ஆளில்லாத செயலி வெறும் நாட்குறிப்பு. பதிவு செய்துவிட்டோம், இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நோயாளி நம்பியிருக்க, அதை ஒருவரும் திறந்து பாராதிருப்பின் நாட்குறிப்பினும் அது கேடானது. அதே திறன்பேசியில்தான், இன்ன இலைச்சாறு புற்றுநோயை வேரறுக்கும் என்ற செய்திகளும் நாள்தோறும் வந்து விழுந்தன. உறவினர்கள் அன்பினால் அனுப்பியவை. மகள் அவற்றைத் தாய்க்குக் காட்டாமலேயே அழித்துவிடுவாள்.

செயலியில் ஏறக்குறைய இருபது கேள்விகள். அத்தனையும் நோயாளியைப் பற்றியவை. கேள்வியை வாசித்து, வெப்பமானியைப் பிடித்து, கஞ்சி வைத்து, வாந்தி துடைத்து, அதன் பின் இயற்பியல் பாடத்தை எடுப்பவளைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஐந்தாம் சுற்றின்போது ஒருநாள் செவிலியர் வழக்கம்போல் அழைத்து விவரங்களைக் கேட்டு முடித்தார். பிறகு, “நீ ராத்திரி தூங்குறியாம்மா?” என்றார். அவள் விடை சொல்லவில்லை. பேசியைக் காதிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டி, “சித்தி, நீங்க பேசுங்க” என்று எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாள். அந்த வாரம் முதல் சனியும் ஞாயிறும் நான் அங்கே தங்கினேன். ஏழு மணிக்கு மணியொலித்தால் நான் எடுத்தேன். அவள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கினாள்.